பெட்டியைத் திறக்கும் முன்

சத்வா, துபாய்
ஆகஸ்ட் 2006

அன்பு மகன் சுரேஷ்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது.

எப்போதும் "நாங்கள் இருவரும் இங்கே சுகம்" என்று தொடங்குவேன். அந்த வரியை இனி எழுத முடியாது. அது இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் காலையிலிருந்து பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவது வரை படித்தவள் எழுதுவது. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

இதை உன் கையில் கொடுப்பவர் பெயர் முனியசாமி. பரமக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே கம்பி கட்டும் வேலை. லீவு கிடையாது என்று சொன்னதும் சம்பளமில்லாமலாவது விடுங்கள் என்று சண்டை போட்டு வாங்கி, அப்பாவோடு அதே விமானத்தில் வருகிறார். ராத்திரி முழுக்க எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். முதலில் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடு. சரக்கு வாசலில் பெட்டியை வெளியே விட நேரமாகும் என்கிறார்கள். அந்த நேரத்துக்குள் இதைப் படித்துவிடு. பெட்டியைத் திறக்கும் முன் படித்துவிடு. ராதிகா பக்கத்தில் நின்றால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படி.

நான் ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்பார்கள். நான் வேலை பார்க்கும் மேடம் வீட்டார் வெயிலுக்குப் பயந்து லண்டன் போயிருக்கிறார்கள். என் பாஸ்போர்ட் அவர்கள் இரும்பு அலமாரியில். சாவி அவர்கள் பையில். போனில் அழுதேன். மேடமும் அழுதாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடுத்த மாதம் வந்துதான் எடுத்துத் தர முடியும் என்றாள். ஆளில்லாத வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கிறேன். கட்டினவன் பெட்டியில் போகிறான், கட்டிக்கொண்டவள் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். இதை ஊரில் இருக்கும் சித்தியிடம் எப்படிச் சொல்வாயோ, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று காலை போனில் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அப்பாவுக்கு அந்தச் சாம்பல் கலர் கோட்டைப் போட்டு அனுப்புங்கம்மா. ஏர்போர்ட்டுக்கு ராதிகா வர்றா, எங்க மேனேஜர் வர்றாரு." நான் சரிப்பா என்றேன். வைக்கும்போது இன்னொரு தடவை சொன்னாய். இன்னொரு தடவையும் சரிப்பா என்றேன்.

நான் அந்தக் கோட்டைப் போடவில்லை, சுரேஷ்.

உடனே கோபப்படாதே. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்தக் கோட்டு உன் கல்யாணத்துக்கு என்று ஜெய்னுலாப்தீன் பாய் கடையில் கொடுத்தது. சத்வாவில் தையல் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர், உனக்கும் தெரியும், உன் நிச்சயதார்த்தப் பேண்ட்டைச் சுருக்கிக் கொடுத்தவர். அளவு பார்க்கப் போன இடத்தில்தான் அப்பா போனார். பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாராம். வாயில் ஏதோ முணுமுணுப்பு, காலில் தாளம். பாய், "அண்ணே, ஆடாம நில்லுங்க, இஞ்சு தப்புது" என்றாராம். அப்பா சிரித்துவிட்டு, "பாய், தோள்ல கொஞ்சம் லூசா விடுங்க. கையத் தூக்கணும்" என்றாராம். "சூப்பர்வைசரு எதுக்குண்ணே கையத் தூக்கணும்?" என்று பாய் கிண்டல் செய்திருக்கிறார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பாய் திரும்பி வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நெஞ்சு என்று டாக்டர் சொன்னார்.

நான் மேடத்தின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிட நடை தூரம். எனக்குத் தெரியவில்லை.

நீ அப்பாவை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கும் ஆளாகத்தான் பார்த்து வளர்ந்தாய். அதற்கு முன்னால் அவர் யார் என்று நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. நீ கேட்காதது எனக்கும் வசதியாக இருந்தது.

துறையூரில் மைக் செட் கடையில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கும் வேலை அவருக்கு. ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவுக்கு அந்தக் கடையிலிருந்துதான் சாமான் போகும். அப்போது டிஸ்கோ, டிஸ்கோ என்று ஊரெல்லாம் பைத்தியம். திருவிழாவில் இளவட்டப் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள், பாடாவிட்டால் கல் வரும். குழுவின் பெரிய பாட்டுக்காரர் சங்கீதம் படித்தவர். அந்தக் கருமத்தை நான் பாட மாட்டேன் என்று ஒரு நாள் மேடையை விட்டு இறங்கிவிட்டார். கல் வருவதற்குள் பெட்டி தூக்குகிற ஆள் மைக்கைப் பிடித்தார். அம்மையப்பன் என்கிற பெயர் அன்றோடு போயிற்று. டிஸ்கோ அப்பு என்றுதான் நோட்டீசில் அடித்தார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் பாடகர் என்று சொல்லித்தான் வந்தார்கள். தேவாரம் பாடுகிறவர் என்று நினைத்து என் அப்பா சம்மதித்தார்! கல்யாணத்தன்று மாப்பிள்ளையே மேடை ஏறி இடுப்பை ஒடித்து ஆடினதும் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார். நான் தலையைக் குனிந்தவள்தான். அப்புறம் நிமிரவே இல்லை என்று வைத்துக்கொள். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னடி பூவாயி, வீட்லயும் ஆடுவாரா?" என்பார்கள்.

ஆனால் ஒரு வருஷம் இருந்தது. சென்னைக்குப் போய் ஒரு கேசட் போட்டார். அதில் ஒரு பாட்டு ஓடியது. பெரம்பலூரிலிருந்து முசிறி வரைக்கும் டீக்கடை பாக்கியில்லை, டவுன் பஸ் பாக்கியில்லை.

விளக்கு சுத்துது வா மயிலு
வீதி சுத்துது வா மயிலு
நிக்காதே நீ நிக்காதே
நின்னா விடியும் வா மயிலு

பாட்டில் வேறு ஒன்றும் கிடையாது, இதையேதான் திரும்பத் திரும்பப் பாடுவார். அந்த வருஷம்தான் வெள்ளைக் கோட்டும் சட்டையும் தைத்தார், மேலெல்லாம் சம்கியும் ஜிகினாவும். சினிமாவுக்குக் கூட ஒரு பாட்டுப் பாடினார். படம் வந்தபோது கொட்டகைக்கு ஊரையே கூட்டிப்போனார். திரையில் அதே பாட்டு, வேறு ஆள் குரல். பாதியில் எழுந்து வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து, "அந்தாளு நல்லாத்தாண்டி பாடியிருக்கான்" என்றார்.

பிறகு டிஸ்கோ போயிற்று. மெல்லிசை கேட்டார்கள், அது இவருக்கு வராது. நீ பிறந்து நடக்கும் வயது. எலக்ட்ரிக் ஹெல்ப்பர் விசாவில் இங்கே வந்தார். சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகுதான் பர் துபாயில் ஒரு ஓட்டல் பாரில் பாடப் போனார். குடித்ததில்லை. பாடத்தான் போனார். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பாட்டுப் பிடித்தால் வந்திருப்பவர்கள் மாலை வாங்கிப் போடச் சொல்வார்கள். பிளாஸ்டிக் மாலைதான். போட்ட மாலையைக் கழற்றி, அதையே அடுத்தவருக்கு விற்பார்கள். இளம் பெண்கள் பாடும்போது மாலை குவியும். அப்பாவுக்கு அவ்வளவாக விழாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சோனாப்பூரில் கட்டட வேலை ஆட்கள் தங்கும் கேம்ப்பில் பாடுவார். அங்கே மாலை இல்லை, மேடை இல்லை. தண்ணீர் டாங்க் பக்கத்தில் நின்று பாடுவார். அந்தப் பிள்ளைகள் விசில் அடிப்பார்களே, அதைக் கேட்டு வந்த அன்றைக்கு மட்டும் என்னிடம் நன்றாகப் பேசுவார்.

போன வருஷம் நீ இங்கே வந்தபோது கராமாவில் உன் நிச்சயதார்த்தம். ராதிகா அப்பா பத்மநாபன் சார் பெரிய கணக்கு ஆபீசர். நீ அவர்களிடம் அப்பா கம்பெனி சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. பாரில் பாடுகிறவர் மகனுக்குப் பெண் கொடுப்பார்களா என்று நானும்தான் பயந்தேன். அங்கே பாட்டுப் பெட்டி வைத்து, யாராவது பாடுங்கள் என்றார்கள். அப்பா எழுந்தார். நீ ஒரு பார்வை பார்த்தாய். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது டாக்சியில், "பையன் கண்ணாலயே மைக்க ஆஃப் பண்ணிட்டாண்டி" என்று சிரித்தார். அப்புறம் அவராகவே சொன்னார், "கல்யாணத்துக்குச் சாம்பல் கோட்டு ஒண்ணு தைக்கிறேன். ஊமைப் படம் மாதிரி நிக்கிறேன், போதுமா?"

அதுதான் அந்தக் கோட்டு.

இப்போது சோனாப்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் காலையிலிருந்து கை வரவில்லை. பத்மநாபன் சார் சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்லி நீ கேட்டுவிடு.

உடம்பு கெடாமல் மருந்து போட்டு அனுப்பும் இடம் அங்கேதான். போட வேண்டிய துணியைக் கொடுங்கள் என்றார்கள். ஜெய்னுலாப்தீன் பாய் கோட்டை முடித்து, இஸ்திரி போட்டு, உறையில் கொண்டு வந்திருந்தார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்தேன்மா என்றார். என் பையில் அந்த வெள்ளை உடுப்பு. அதை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதே, ரூமில் தனியாக விட்டுவர மனசில்லை. ஜன்னலில் இருந்த மலையாளி கிளார்க் கையை நீட்டினார். நான் பாயின் உறையை வாங்கினேன், உன் பேச்சு காதில் இருந்தது. நீட்டியது என்னவோ என் பையைத்தான். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, இதுதானோ?" என்றார். சம்கி எல்லாம் அவர் மேசையில் உதிர்ந்தது. ஆமாம் என்றேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகம் பார்க்க வெளி ஹாலில் வைத்தார்கள். மத்தியான ஓய்வு நேரம். பக்கத்து கேம்ப், பக்கத்து சைட் பிள்ளைகள் டூட்டி உடையோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த வெயிலில் அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. முனியசாமி பாருக்குப் போய் ஒரு மாலை கேட்டு வாங்கி வந்திருந்தார். அந்தப் பிளாஸ்டிக் மாலைதான். அதை அப்பா மேல் வைத்துவிட்டு, "பூ எங்கயும் கிடைக்கலக்கா. ஆனா இதக் கழட்டி யாருக்கும் விக்க மாட்டாங்க" என்றார்.

எல்லோரும் சும்மா நின்றோம். ஏசி ஓடும் சத்தம் மட்டும். முனியசாமிக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா இது, ஊர்ல ஒரு சாவு விழுந்தா இப்படியா கம்முனு நிப்போம்? பறை இல்ல, சங்கு இல்ல. நீங்களாச்சும் ஒரு ஒப்பாரி வைங்கக்கா. அண்ணன அநாதை மாதிரி அனுப்பாதீங்க" என்றார். அங்கே நான் ஒருத்திதான் பெண்.

எனக்கு ஒப்பாரி தெரியும். என் அம்மாவுக்கு வைத்திருக்கிறேன், என் மாமியாருக்கு வைத்திருக்கிறேன். தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். பொன்னும் மணியும் வரவில்லை. தங்கத் தேரும் வரவில்லை. வேறு எதுவுமே வாயில் வரவில்லை, சுரேஷ். வந்தது அந்தப் பாட்டுதான். விளக்கு சுத்துது வா மயிலு என்று ஒப்பாரி ராகத்தில் இழுத்தேன். என் குரலே எனக்குக் கேவலமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. நிக்காதே நீ நிக்காதே என்று அவரிடம் சொல்வது போலவே பாடிவிட்டேன்.

பின்னால் ஒருவன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தட்டினான். அடுத்தவன் தட்டினான். ஒப்பாரிக்குத் தட்டுவது போலத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு அந்த டிஸ்கோ அடிக்குப் போய்விட்டது. முனியசாமி ஆடினார். எல்லோரும் ஆடினார்கள். அழுதுகொண்டே ஆடினார்கள். ஊரில் பிணத்துக்கு முன்னால் ஆடுவார்களே, அப்படி. நானும் எழுந்துவிட்டேன். ஆடினேன் என்று எழுதக் கை கூசுகிறது. கால் இரண்டு மிதித்தது, அவ்வளவுதான். ஆனால் மிதித்தது. அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது வா என்று கூப்பிடாத நாள் இல்லை. ஒரு நாளும் நான் போனதில்லை.

திரும்பினேன். பத்மநாபன் சாரும் அவர் மனைவியும் வாசலில் நிற்கிறார்கள். அந்த அம்மாள் கையில் நல்ல வெள்ளைப் பூ வளையம்.

பத்தான் காவலாளி ஓடி வந்து, "கலாஸ், கலாஸ்! பஸ் கரோ பாய்!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எல்லாம் அடங்கியது. பத்மநாபன் சார் கிட்டே வந்து அப்பாவைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். மெதுவாக, "சூப்பர்வைசர்னு சொன்னாங்களேம்மா" என்றார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். முனியசாமிக்கு நம் வீட்டுச் சங்கதி என்ன தெரியும்? மூச்சு வாங்கிக்கொண்டே நடுவில் வந்தார். "சூப்பர்வைசரா? என்னா சார் நீங்க! டிஸ்கோ அப்பு சார் இவரு! பர் துபாய்ல வந்து கேளுங்க!" என்று பார் பெயரையும் சத்தமாகச் சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

அந்த அம்மாள் என் கையைத் தொடவில்லை. பூ வளையத்தை பாய் கையில் கொடுத்தார். பத்மநாபன் சார், "மாப்பிள்ளைகிட்ட நானே பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ராதிகா நல்ல பெண். நிச்சயத்தன்று எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் யார் என்ன சொன்னாலும் நீ பொய் சொல்லாதே. அவள் கேட்டால் என் அப்பா பாட்டுக்காரர் என்று சொல். அதற்குமேல் கேட்டால் டிஸ்கோ பாட்டு என்று சொல். போகிறவள் என்றால் சாம்பல் கோட்டைப் பார்த்துவிட்டும் ஒரு நாள் போய்விடுவாள்.

அந்தக் கோட்டு முனியசாமி பையில் தனியாக வருகிறது. கசங்காமல் வைத்திருக்கிறேன். உனக்கு முடியவில்லை என்றால் மாற்றிவிடு. நான் உன்னைத் திட்ட மாட்டேன், இனி உன்னைத் திட்ட எனக்கு என்ன முகம் இருக்கிறது. ஆனால் மாற்றுவதானால் நீயே மாற்று. வேறு ஆள் கையில் விடாதே. போடும்போது தோள்பக்கம் லூசாக இருக்கும், பாய் தப்பாகத் தைத்துவிட்டார் என்று நினைக்காதே. அப்பா கேட்டு வாங்கிய லூசு அது. உன் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். என்னிடம் கூடச் சொல்லவில்லை.

மாற்றாமல் விட்டால், ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அந்த வெள்ளை உடுப்போடு இருக்கட்டும். எரிக்கும் முன் பெரியவர்கள் கழற்றத்தான் சொல்வார்கள், கழற்று. அந்த ஜிகினா பொல்லாதது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. துவைத்த என் கையில் வருஷக்கணக்காக இருந்தது, மேடம் வீட்டுப் பாத்திரத்திலெல்லாம் ஒட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்பா முகத்தைத் தொட்டால் உன் கையிலும் ஒட்டும். உடனே துடைத்துவிடாதே, சாமி. கொள்ளி வைக்கும் கையில் ஒன்றிரண்டு மினுங்கினால் மினுங்கிவிட்டுப் போகட்டும்.

வெறும் வயிற்றோடு ஊர் வரைக்கும் போகாதே. வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்காராமல் அப்பா பக்கத்தில் உட்கார். சித்தியை அதிகம் அழ விடாதே, அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் வரும் வரை என் பங்குக்கும் நீயே அழுதுகொள்.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் குறையில்லாமல் இருக்க வேண்டும். எங்கே நின்றாலும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

உன் அப்பாவின் மனைவி, உன் அம்மா
பூவாயி